அடியில் நின்ற அறுபது சென்டிமீட்டர்

2008 ஜனவரி 9, புதன்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.35க்கு மீஞ்சூர் ஸ்டேஷன். கும்மிடிப்பூண்டி ரயில் ஏழு நிமிடம் தாமதம். நல்ல பனி. 6.30க்கு தொழிற்சாலை கேட். 6.45க்கு எண்ணெய்த் தொட்டியின் மேல் ஏறி அளவு எடுத்தேன். 184 சென்டிமீட்டர். சென்டிமீட்டருக்கு இருநூறு லிட்டர் என்றால் 36,800 லிட்டர். நாள் செலவு ஆறாயிரம். ‘ஆறு நாள்’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். 8.15க்கு நாஷ்டா, இட்லி நான்கு. மதியம் ஸ்டோர்ஸில் பழைய வால்வுகளை எண்ணினேன். மாலை 5.20 ரயில்.

என் டைரியில் அன்றைய பக்கம் இவ்வளவுதான். அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மருந்து பாட்டில் செய்யும் ஒரு சிறிய கண்ணாடித் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்தேன். சேர்ந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. பதினோரு வருடமும், ஞாயிறு உட்பட, காலை 6.45க்கு அந்தத் தொட்டியில் அளவுகோலை இறக்கி எடுத்துத் துடைத்து எழுதியவன் நான்தான். காய்ச்சலில் படுத்த நாட்களில்கூட ஆட்டோ பிடித்து வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறேன். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு.

கண்ணாடி உலையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். அதை மூட்டினால் ஏழு வருடம், எட்டு வருடம் அணைக்கக் கூடாது. தீபாவளிக்கும் அணைக்க முடியாது, பந்த் அன்றைக்கும் அணைக்க முடியாது. உள்ளே மணலும் சோடாவும் உருகிக் குழம்பாக நிற்கும். உருகும் பகுதிக்கும் பாட்டில் செய்யும் பகுதிக்கும் நடுவே, தரை மட்டத்தில், ஒரு அடி அகலத்துக்கு ஒரு வழி. அதைத் தொண்டை என்பார்கள். சூடு குறைந்தால் குழம்பு முதலில் அங்கேதான் இறுகும். அங்கே இறுகிவிட்டால் அப்புறம் எவ்வளவு எரித்தாலும் பிரயோசனமில்லை. உலையை இடித்துத்தான் எடுக்க வேண்டும். எங்கள் உலை ஃபர்னஸ் ஆயிலில் எரிந்தது. கறுப்பாக, தாரைப் போலக் கெட்டியாக இருக்கும் எண்ணெய். தொட்டிக்குள் சூடாக்கும் குழாய்ச்சுருள் ஒன்று இருந்தது. அது இளக்கிக் கொடுத்தால்தான் பம்பு இழுக்கும்.

உலையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பாய். பழவேற்காட்டுக்காரர். வீட்டில் எல்லோரும் வியாபாரம், இவர் மட்டும் நெருப்புப் பக்கம் வந்துவிட்டார். புதுவாயலில் குடியிருந்தார். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து உலை அவர் கையில்தான். நெருப்பின் நிறத்தைப் பார்த்துச் சூடு சொல்வார். மீட்டரைப் பார்த்தால் பத்து டிகிரிகூட வித்தியாசம் இருக்காது. அளவுகோலோடு நான் ஏணியிலிருந்து இறங்கும்போது கீழே நின்று கேட்பார்.

“மில்லிமீட்டர் வந்துட்டாரு. இன்னா சார், கடல் கீதா, வத்திப்பூச்சா?”

கம்பெனி முழுக்க எனக்கு அதுதான் பெயர். நானும் கோபித்துக்கொண்டதில்லை.

பழைய முதலாளி இருந்தவரை தொட்டி மூன்று மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது சட்டம். பத்து நாள் எண்ணெய் எப்போதும் கையில் நிற்கும். 2005இல் அவர் மகன் பொறுப்புக்கு வந்தார். படித்தவர், மரியாதையானவர், எங்களை எல்லாம் சார் என்றுதான் கூப்பிடுவார். லாரி மூன்று நாளுக்கு ஒருமுறை வருகிறதே, எதற்குப் பத்து நாள் எண்ணெயைத் தூங்க வைக்க வேண்டும் என்று கேட்டார். அதிலிருந்து தொட்டி ஒன்றரை மீட்டருக்கும் இரண்டரை மீட்டருக்கும் நடுவிலேயே ஏறி இறங்கியது. ஒன்றரைக்குக் கீழே அது போனதை நான் பார்த்ததே இல்லை. பார்க்காத இடத்தைத்தான் தினமும் அளந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் பேப்பரில் ஹோர்முஸ் நீரிணையைப் பற்றிப் போட்டிருந்தார்கள். வளைகுடா எண்ணெய்க் கப்பல்கள் எல்லாம் வெளியே வர அது ஒன்றுதான் வாசல். அதில் போர்க்கப்பல்களுக்குப் பக்கத்தில் வேகப்படகுகள் வந்து போனதாகவும், சண்டை மூண்டால் வழியை மூடிவிடுவார்கள் என்றும் செய்தி. மிகக் குறுகலான இடத்தில் அகலம் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லையாம். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயில் போகும் தூரம் அதைவிட அதிகம். நான் தினமும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய் வருகிற மாதிரியான ஒரு தூரத்துக்குள் இத்தனை நாடுகளின் அடுப்பும் வண்டியும் அடங்கியிருக்கின்றன என்பதைச் செவ்வாய்க்கிழமை பேப்பரைப் படித்தபோதுதான் முதல்முறை யோசித்தேன். யோசித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தேன்.

வியாழக்கிழமை காலை 154. ஐந்து நாள். பதினோரு மணிக்கு எண்ணெய் ஏஜென்ட் போன் செய்தார். அன்று வர வேண்டிய லோடு வராது என்றார். காரணம் கேட்டேன். பேட்டையில் உள்ள உலைக்காரர்கள் எல்லாரும் நீரிணை மூடிவிடும் என்ற பயத்தில் ஒன்றுக்கு இரண்டாக லோடு கேட்கிறார்கள், டிரம்மில்கூடப் பிடித்து வைக்கிறார்கள், இருக்கிற லாரியெல்லாம் அதில் மாட்டிக்கொண்டது என்றார். மீதி டிரைவர்கள் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். பொங்கல் 15ஆம் தேதி. 17க்கு மேல்தான் லாரி என்று சொல்லிவிட்டார்.

இதைப் பாயிடம் சொன்னேன். அவர் தம்பி ஃபுஜைரா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்தார். நீரிணையைத் தாண்டி வெளியே வந்ததும் வருகிற துறைமுகம் அது. எண்ணெய்க் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கிற இடம். பாய் உடனே போன் போட்டார். பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“கப்பல் அது பாட்டுக்கு வந்துக்கினு போய்க்கினு கீதாம் சார். அங்க இருக்கிறவன் ஒருத்தனும் பயப்படல. இங்க புதுவாயல்ல கீறவன்தான் பயப்படுறான்.”

உண்மை அதுதான். அந்த ஜனவரியில் யாரும் எதையும் மூடவில்லை. மூடுவார்கள் என்ற பேச்சு ஒன்று மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. வேலையை அந்தப் பேச்சே முடித்துக் கொடுத்தது.

வெள்ளிக்கிழமை காலை 124. நான்கு நாள். ஒன்பது மணிக்கு இளைய முதலாளி அறையில் அவரும் பாயும் நானும் உட்கார்ந்தோம். முதலாளி நெல்லூர் பக்கம் ஒரு வியாபாரியைப் பிடித்திருந்தார். அவர் திங்கட்கிழமை மதியம் ஒரு லோடு அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் முடியாது. பொங்கலுக்குள் அனுப்ப வேண்டிய மருந்து பாட்டில் ஆர்டர் ஒன்றும் பாக்கி இருந்தது.

பாய் பாட்டில் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிடலாம் என்றார். குழம்பு இறுகாமல் உலையைச் சும்மா சூட்டில் வைத்திருக்கப் பாதி எண்ணெய் போதும். லாரி வந்ததும் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். ஆர்டர் மூன்று நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “சார், நம்மகிட்ட ஸ்டாக் எவ்வளவு?”

“நாலு நாள் சார். செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும் வரும்.”

“அடியில ரெண்டு அடி கணக்குல வராது சார்” என்றார் பாய். “பம்பு குழாய் வாயி அதுக்கு மேல கீது. சுருள் வெளிய தெரிஞ்சிதுன்னா எண்ணெ களி மாதிரி ஆயிடும். பம்பு இழுக்காது.”

நான் அவரைப் பார்த்துக் கேட்ட கேள்வியை என் டைரியில் எழுதவில்லை. எழுதாமலே நன்றாக நினைவிருக்கிறது.

“அது எங்கயாவது எழுதியிருக்கா பாய்?”

“எழுதல. தொண்ணூத்தஞ்சுல தொட்டி கழுவ நான் உள்ள எறங்கி பாத்துகீறேன்.”

தொண்ணூற்றைந்தில் நான் அந்தக் கம்பெனியிலேயே இல்லை. தொட்டியின் வரைபடம் ஸ்டோர்ஸ் பீரோவில் இல்லை, எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. என் கையில் இருந்தது பதிவேடு. அதில் பதினோரு வருடத்தின் ஒவ்வொரு காலையும் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. எதிரே இருந்தது ஒரு மனிதரின் ஞாபகம். பதிவேட்டை முதலாளி பக்கம் திருப்பி வைத்தேன். அவர் கடைசி வரியில் விரலை வைத்துப் படித்தார். செவ்வாய் வரை இருக்கிறது, லாரி திங்கள் வருகிறது, ஓட்டுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் பாய் நேராக உலைக்குப் போய்விட்டார். எனக்கு அன்று லேசான எரிச்சல் இருந்தது. என் கணக்கை ஒருவர் அடி என்று பேசிக் குறுக்கே மறித்த எரிச்சல்.

சனிக்கிழமை 94. மூன்று நாள்.

ஞாயிற்றுக்கிழமை 64. இரண்டு நாள் என்று எழுதினேன். வழக்கமாக ஞாயிறு அளவெடுத்ததும் ஒன்பது மணி ரயிலில் திரும்பிவிடுவேன். அன்று என்னவோ தங்கிவிட்டேன். 10.10க்குப் பம்பின் சத்தம் மாறியது. சீராக ஓடிக்கொண்டிருந்தது கனைக்க ஆரம்பித்தது. உலைப் பக்கம் போனேன். பர்னர் வாயில் நெருப்பு துப்பித் துப்பி எரிந்தது. மஞ்சளாக நீளும், சுருங்கும், கரும்புகை விடும், மறுபடி பிடிக்கும். பாய் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெனரேட்டருக்கு வைத்திருந்த இரண்டு டிரம் டீசலை உருட்டி வரச் சொன்னார். குழாயை மாற்றிப் பூட்டினார்கள். பாதிக்கும் குறைந்த நெருப்பு மறுபடி நிலைத்து எரிந்தது. ஆனால் டீசல் எத்தனை மணி நேரம் வரும்?

நான் ஒரு ஆளோடு டெம்போவில் கேன்களை ஏற்றிக்கொண்டு புதுவாயல் போனேன். முதல் பெட்ரோல் பங்கில் ‘ஸ்டாக் இல்லை’ பலகை. அடுத்த பங்கில் லாரிகள் ஹைவே வரை நின்றன. கேனில் ஊற்ற மாட்டேன் என்றார்கள். மூடாத நீரிணைக்காகப் பெரிய கம்பெனிக்காரர்கள் டீசலையும் முந்திய நாளே பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். கெஞ்சி நாலு கேன் வாங்கி வந்தேன். திரும்பி வந்தபோது இரண்டரை மணி. ஆட்கள் தொட்டியின் மேல்மூடி வழியாகக் கயிறு கட்டி வாளி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாளி மூழ்கவில்லை. எண்ணெயின் மேல் உட்கார்ந்துகொண்டது. பாய் சொன்ன களி அதுதான்.

மூன்றே காலுக்கு டீசல் தீர்ந்தது. நாலு மணிக்குப் பாட்டில் மெஷினுக்கு வரும் குழம்பு கயிறு போல மெலிந்து, நூலாகி, நின்றது. யாரும் மெஷினை நிறுத்தவில்லை. அது வெறும் அச்சுகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பாய் ஒரு நீளக் கம்பியைத் தொண்டைப் பக்கம் விட்டுக் குத்திப் பார்த்தார். கம்பி முனை கல்லில் பட்ட மாதிரி சத்தம் வந்தது. கம்பியை மெதுவாக வெளியே இழுத்துச் சுவரில் சாய்த்தார். கையுறையைக் கழற்றினார். பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்தார்.

ஐந்து மணிக்கு நான் தொட்டி மேல் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று கேட்டால் தெரியாது. அளவுகோலை இறக்கி எடுத்தேன். 60 சென்டிமீட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் எண்ணெய் தொட்டிக்குள் நின்றது. என் கணக்குப்படி இரண்டு நாளுக்கு. கீழே இறங்கியதும் பாய் அங்கேயே உட்கார்ந்தபடி எவ்வளவு என்று கேட்டார். அறுபது என்றேன். தலையை ஆட்டினார்.

மறுநாள் போகி. ரயிலில் வரும்போது இரண்டு பக்கமும் ஊர்களில் பழைய துணியும் டயரும் எரிந்துகொண்டிருந்தன. வயல்களின் மேல் புகை ஒரே மூட்டமாக நின்றது. தொழிற்பேட்டைக்குள் எங்கள் புகைபோக்கி மட்டும் சுத்தமாக இருந்தது. ராத்திரியில் உலையின் கூரைக் கல் இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருந்தது. அன்று காலை பதிவேட்டில் நான் அளவு எழுதவில்லை. எண்ணெய் ஓடவில்லை, எதற்கு எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். பதினோரு வருடத்தில் காலியாக விட்ட ஒரே வரி அதுதான்.

மதியம் 12.20க்கு நெல்லூர் லாரி வந்தது. சொன்னபடி வந்தது. டிரைவர் இறங்கி வாயைத் துடைத்துக்கொண்டு, “எக்கட நைனா டேங்கு?” என்று தொட்டி இருக்கும் இடத்தைக் கேட்டார். முதலாளி தொட்டியிலேயே ஊற்றச் சொன்னார். எரிக்க உலையில்லாத எண்ணெய் ஒரு மணி நேரம் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அந்த அறுபது சென்டிமீட்டர் அதற்கு அடியில் போய்விட்டது.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை இழுக்கக்கூடிய எண்ணெய் 64 சென்டிமீட்டர். பாய் சொன்னபடி ஓட்டத்தை நிறுத்தியிருந்தால் நாளுக்குப் பதினைந்து சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கும். திங்கள் மதியம் லாரி வந்து நின்றபோது குழாய் வாய்க்கு மேல் இன்னும் பதினாறு சென்டிமீட்டர் மிச்சம் இருந்திருக்கும். மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் பதினாறுதான் வந்தது.

பொங்கலுக்கு என் மனைவி வாசலில் பானை வைத்தாள். பொங்கியதா என்றுகூட நான் பார்க்கவில்லை.

18ஆம் தேதி வெள்ளிக்கிழமை முதலாளி கூப்பிட்டார். காப்பீட்டுக்கு ஒரு அறிக்கை வேண்டும் என்றார். நான் தொட்டியின் அடியைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“நீங்க புதுசா எதுவும் எழுத வேணாம் சார். ரெஜிஸ்டர்ல இருக்கிறத மட்டும் எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். புதன் காலை ஆறு நாள் எண்ணெய். வெள்ளி காலை நான்கு நாள். ஞாயிறு காலை 6.45க்கு இரண்டு நாள். அதே ஞாயிறு 10.10க்கு எண்ணெய் வரத்து நின்றது. ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் படிக்கிற எவனுக்கும் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு நாள் எண்ணெயை உலைக்காரன் மூன்றரை மணி நேரத்தில் தீர்த்துவிட்டான், அல்லது எங்கோ விட்டுவிட்டான். ஞாயிறு மாலை ஐந்து மணி அளவு பதிவேட்டில் இல்லை, என் சொந்த டைரியில் இருந்தது. பதிவேட்டில் இருப்பதை மட்டும்தானே கேட்டார்கள்.

21ஆம் தேதி பாயை வேலையிலிருந்து நீக்கினார்கள். காரணம் ‘எரிபொருளைக் கையாண்டதில் கவனக்குறைவு’. மற்ற ஆட்களை உலை மறுபடி கட்டியதும் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். உலையை யாரும் கட்டவில்லை. இப்போது அந்தக் கொட்டகை டயர் கம்பெனி ஒன்றின் கிடங்கு. என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள், ஸ்டோர்ஸில் இருக்கிற பொருளை எண்ணி முடிக்க ஒருவர் வேண்டும் என்று.

அதற்குப் பிறகு பல வருடங்களாக நீரிணை என்று பேப்பரில் எங்கே பார்த்தாலும் படிக்கிறேன். நாட்டில் இத்தனை நாளுக்கு எண்ணெய் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எங்கேயோ ஒருவன் காலையில் அளந்து எழுதிக் கொடுத்த எண்ணாகத்தான் அது இருக்க வேண்டும். அவன் அடியைக் கழித்தானா, குழாய்க்குள் நிற்கிற எண்ணெயையும் சேர்த்துக்கொண்டானா என்று யாராவது கேட்டிருப்பார்களா? கேட்ட ஆளிடம் ‘எழுதியிருக்கா’ என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். கடல் குறுகலாக இருப்பதை ஒருவரும் மாற்ற முடியாது. அதைத் தாண்டி வருகிற சாமானை நம்பி அடுப்பு வைத்தவன் கையில் எத்தனை நாள் இருக்கிறது என்பதையாவது உள்ளபடி தெரிந்து வைத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருந்ததாக நான் நினைத்தேன். மில்லிமீட்டர் வரைக்கும் நினைத்தேன்.

24ஆம் தேதி வியாழக்கிழமை மாலை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் 5.20 ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். பாய் ஒரு துணிப்பையோடு வந்தார். லாக்கரில் இருந்த சாமானை எடுத்துப் போக வந்ததாகச் சொன்னார். பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“சார், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீங்க மேல ஏறி அளவு எடுத்தீங்க. அறுவதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அத ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டு குடுங்க.”

எதற்கு என்று கேட்டேன். பாண்டிச்சேரி பக்கம் ஒரு பாட்டில் கம்பெனியில் சனிக்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். ஆனால் அவர்கள் எங்கள் ஆபீசுக்குப் போன் செய்து விசாரித்திருக்கிறார்கள். உலையை அணைத்த ஆள் என்று பதில் போயிருக்கிறது. கண்ணாடி வேலை சின்ன உலகம். உலையை அணைத்தவன் என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால் வடக்கே கண்ணாடி ஊரான ஃபிரோசாபாத் வரைக்கும் அந்தப் பேர் கூடவே வரும். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வேறு வேலை தெரியாது.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“மொதலாளிய கேட்டுக்கினா சார் அளவு எடுத்தீங்க?”

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ரயில் வந்தது. அவர் நான் ஏறிய பெட்டியில் ஏறவில்லை. கவரைப்பேட்டையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அன்றைய டைரியில் ‘மாலை ஸ்டேஷனில் பாயைப் பார்த்தேன்’ என்று எழுதியிருக்கிறேன். பேசியதை எழுதவில்லை. ஸ்டோர்ஸ் எண்ணி முடிக்க இன்னும் நான்கு மாதம் ஆகும், நான்கு மாதச் சம்பளம், பெண்ணுக்கு அந்த வருடம் காலேஜ் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எதற்கு இப்போது இதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

25ஆம் தேதி வெள்ளிக்கிழமை 4.50க்கு எழுந்தேன். முகம் கழுவும் முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினேன். 13.1.2008 மாலை 5.00 மணிக்குத் தொட்டியில் எடுத்த அளவு 60 சென்டிமீட்டர். இந்த அறுபதும் பம்பு இழுக்க முடியாதது. உலைப் பொறுப்பாளர் இதை 11.1.2008 அன்று முதலாளி முன்னிலையில் என்னிடம் சொன்னார். நான் கணக்கில் கழிக்கவில்லை. அந்த வாரம் நாள் செலவு வழக்கம்போல் ஆறாயிரம் லிட்டர்தான். கீழே முழுப் பெயர், பதவி, கையெழுத்து, தேதி. முதல் ரயிலில் கவரைப்பேட்டையில் இறங்கிப் புதுவாயலுக்கு நடந்தேன்.

பாய் லுங்கியோடு வந்து கதவைத் திறந்தார். தாளை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு முறை படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உள்ளே டீ கொதிக்கிற வாசனை வந்தது. கதவை விட்டு அவர் நகரவில்லை.

“கெளம்புங்க சார். உங்களுக்கு லேட்டாயிடும்.”

ஸ்டேஷனுக்கு நடந்தேன்.